தெரியாமல் தலையாட்டிய வார்த்தை

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழை விட்டிருந்த ஒரு காலையில், அந்தமானில் பம்பூபிளாட்டிலிருந்து சாத்தம் போகும் படகில் நடந்தது இது. நான் படகுகளுக்குப் பலகை மாற்றும் தச்சன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூச்சப்படுவேன். அந்தக் கூச்சத்தால் என் மனைவியை இழக்கப் பார்த்தேன்.

அவளுக்குக் கழுத்தில் வீக்கம். போர்ட் பிளேரில் தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது நர்சம்மா மாத்திரைகளைக் கொடுத்து, "ஜுன்ஜுனி ஹோ தோ துரந்த் ஆனா" என்றார். ஜுன்ஜுனி வந்தால் உடனே வந்துவிட வேண்டும். வேலைக்கு வேண்டிய இந்தி எனக்குத் தெரியும். ஆனால் ஜுன்ஜுனி என்ற வார்த்தையைக் கேட்டதே இல்லை. பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். "ஜீ" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு ராஞ்சிக் குடும்பத்தில் குழந்தையின் கிலுகிலுப்பையை ஜுன்ஜுனா என்பார்கள். அப்படியானால் இது காதில் கேட்கும் ஏதோ சத்தம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"காதுல கிலுகிலுன்னு ஏதும் கேக்குதா?"

"உங்க சத்தந்தான் கேக்குது. போய் வேலையப் பாருங்க."

உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது, விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது என்று அவள் சொல்லத்தான் செய்தாள். ஆபரேஷன் உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றேன்.

ஐந்தாம் நாள் காயத்தைக் காட்டக் கிளம்பினோம். படகு பாதி தூரம் போயிருக்கும்.

"ஏங்க, கையப் பாருங்க…"

அவள் வலது கை மணிக்கட்டில் வளைந்து, உப்பைக் கிள்ளி எடுக்கும்போது விரல்கள் குவியுமே, அப்படிக் குவிந்து இறுகியிருந்தது. விரிக்கப் பார்த்தேன். ஆணி பிடுங்கிப் பழகிய என் கைக்கு அது அசையவில்லை. பயத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. இடது கையும் குவிந்தது. அப்போதும் என்னால் யாரையும் கூப்பிட முடியவில்லை.

எதிரே காய்கறிக் கூடையோடு ஒரு பெங்காலி அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்திலும் குறுக்காக ஒரு பழைய தழும்பு. என் மனைவியின் கழுத்தில் போட்டிருந்த கட்டையும் கையையும் பார்த்தவர் எழுந்து வந்தார்.

"ஜுன்ஜுனி ஹை க்யா?"

அதே வார்த்தை! தெரியாது என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் தன் விரல்களை என் முன்கையில் குறுகுறுவென்று ஓட்டிக் காட்டினார். "யே! சீண்டி ஜைஸா!" எறும்பு மாதிரி. வீட்டில் அவள் எறும்பு ஊர்கிறது என்றது இதைத்தான்.

"அரே, ஆத்மி ஹோ யா கம்பா?" மனுசனா, கம்பமா என்று திட்டினார்.

சாத்தத்தில் இறங்கியதும் கூடையைப் படகுத்துறையிலேயே போட்டுவிட்டு எங்களோடு ஆட்டோவில் ஏறினார். "தீரே, தீரே" என்று மெதுவாக மூச்சு விடச் சொல்லி, அவள் முதுகைத் தடவியபடியே வந்தார். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் அவரே சொன்னார். நான் திரும்பிப் பார்க்கும்போது போய்விட்டிருந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மருந்து ஏற்றினார்கள். அங்கிருந்த தமிழ் நர்ஸ், "ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து இறங்கிடுச்சுண்ணே. இத வேகமா ஏத்தினா இதயம் தாங்காது" என்று சொல்லிவிட்டு, துடிப்பு காட்டும் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். நான் என் மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கட்டைவிரல் வெளியே வந்தது. பிறகு சுண்டுவிரல். பிறகு ஒவ்வொன்றாக எல்லாம். யாரும் தொடவில்லை, இழுக்கவில்லை. அந்தக் கை தானாக மலர்ந்தது. அங்கேயே மண்டிபோட வேண்டும்போல இருந்தது.

தைராய்டுக்குப் பின்னால் நாலு குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றன, ரத்தத்தில் கால்சியத்தைக் காவல் காப்பவை அவைதான், ஆபரேஷனில் அவை அசந்துபோய்விட்டன என்றார் டாக்டர். எவ்வளவு பெரிசு என்று கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "சாவல்" என்றார். அரிசி! சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு, அரிசி மணி அளவில் நாலு காவல்காரர்கள். இவ்வளவுதானா, இவ்வளவை நம்பியா என் வீடு நின்றுகொண்டிருந்தது?

இரண்டு மாதத்தில் அந்தக் காவல்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். கால்சியம் மாத்திரையும் படிப்படியாகக் குறைந்து நின்றது. என் மனைவி மட்டும் இன்றுவரை என்னைக் "கிலுகிலுப்பை" என்றுதான் கூப்பிடுகிறாள். காலையில் அவள் டீயை நீட்டும்போது டம்ளரைப் பிடித்திருக்கும் விரல்களைத்தான் முதலில் பார்க்கிறேன். புரியாத வார்த்தைக்குத் தலை ஆடப் போகும்போதெல்லாம் அந்தக் குவிந்த கை நினைவுக்கு வந்து, "என்ன சொன்னீங்க?" என்று என்னைக் கேட்க வைக்கிறது.