கல் உப்பில் குளித்த இலைகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஹோலிக்கு முந்தைய வாரம். தில்லியில் மந்திர் மார்க் பக்கம் இருந்த எங்கள் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் செய்முறைத் தேர்வு. எங்கள் பரம்பரையிலேயே பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதை நான் மறந்தாலும் மற்றவர்கள் மறந்துவிடக் கூடாது என்று கவனமாக இருந்த காலம் அது.

தேர்வில் ஒரு சோதனை நிச்சயம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மேலே பச்சையும் அடியில் கத்தரிப்பூ நிறமுமாக ஓர் அலங்காரச் செடி உண்டு. அதன் இலையில் அடித்தோலை மெல்லியதாக உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல்கள் நிறம் ததும்ப, கல் பாவிய தரை மாதிரி தெரியும். உப்புக் கரைசல் விட்டால் உள்ளே இருக்கும் நீர் செல் சவ்வு வழியாக வெளியேறிவிடும். நிறமெல்லாம் நடுவில் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும். இதைக் காட்டினால் மதிப்பெண்.

அந்த வருடக் குளிரில் பள்ளித் தொட்டியில் இருந்த செடி கருகிவிட்டது. "இலைக்கு எங்கேடி போறது?" என்று எங்கள் மிஸ் கவலைப்பட்டபோது முதலில் உயர்ந்தது என் கைதான். சரோஜினி நகரில் அம்மா பாத்திரம் தேய்த்த குவார்ட்டர்ஸின் வராந்தாவில் அந்தச் செடி கொழுகொழுவென்று நின்றது. "எல்லோருக்கும் நானே கொண்டுவருகிறேன், மிஸ்" என்றேன். தேர்வு வரை வகுப்பில் எனக்கு ராஜமரியாதை.

அம்மா அந்த வீட்டு மேம்சாபிடம் கேட்டு வாங்கிவந்த இலைகளை, முந்தின நாள் சாயங்காலம் ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுவைத்தேன். காலையில் அம்மாவே அவற்றை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"நல்லா அலசி வச்சிருக்கேன், பாப்பா. ஒரு பூச்சி பொட்டு இருக்காது. பெரிய டீச்சருங்கல்லாம் பாக்கறாங்களாமே!"

இலைகள் கொஞ்சம் துவண்டிருந்தன. பஸ் நெரிசலில் நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் பெரிதாக நினைக்கவில்லை.

தேர்வாளராக வேறு பள்ளியிலிருந்து ஒரு வடநாட்டு அம்மாள் வந்திருந்தார். உப்புக் கரைசலை யாரும் இன்னும் தொடவேயில்லை. வெறும் தண்ணீரில் வைத்த முதல் ஸ்லைடைக் குனிந்து பார்த்தவர், "யே க்யா ஹை?" என்று நிமிர்ந்தார். செல்களெல்லாம் ஏற்கெனவே சுருங்கிக் கிடந்தன. அடுத்த மைக்ராஸ்கோப், அதற்கடுத்தது... வரிசை முழுக்க ஒரே கதை. மிஸ் முகத்தில் ரத்தமே இல்லை.

பக்கத்தில் நின்றவள் என் காதைக் கடித்தாள். "அடிப்பாவி, செத்த இலையைக் கொண்டு வந்துட்டியா? நான் ஃபெயிலானா எங்கப்பா நேரா உங்காத்து வாசல்லதான் வந்து நிப்பார்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் கீரை எப்படி அலசுவோம்? புழு சாகட்டும் என்று ஒரு கைப்பிடி கல் உப்பைப் போட்டு ஊறவைத்து! அம்மா என் பரீட்சையையும் அப்படியே அலசிவிட்டாள்.

பன்னிரண்டு வருடப் படிப்பும் சட்டியோடு போயிற்று என்று நினைத்தபடி, கடைசியாக ஒருமுறை என் ஸ்லைடைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு செல்லில் நிறம் மெதுவாக விரிந்துகொண்டிருந்தது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. உயிர் இருக்கிறது!

"மேடம், ஏக் மினிட்!" என்று நான் போட்ட கூச்சலில் யாரோ ஒருத்தி பீக்கரைக் கீழே போட்டாள். இந்தியும் இங்கிலீஷுமாகக் கீரை, புழு, கல் உப்பு, அம்மா எல்லாவற்றையும் கொட்டினேன். இலை இரவெல்லாம் உப்பில் இருந்தது, இப்போது வெறும் தண்ணீருக்கு வந்துவிட்டது, அதனால் நீர் திரும்ப உள்ளே போகிறது என்றேன்.

அவர் நிதானமாகக் கேட்டார். "அப்படி உள்ளே போக செல் சக்தி செலவழிக்கிறதா?"

"இல்லை, மேடம். நீர் தானாகவே போகும். செறிவுக்கு எதிர்த்திசையில் எதையாவது ஏற்றினால்தான் சக்தி வேண்டும்."

அவர் மறுபடி குனிந்தார். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். நிறம் திரும்பும்வரை எல்லோரும் பொறுத்திருந்து, பிறகு உப்புக் கரைசல் விட்டுக் காட்டச் சொன்னார். ஒருத்திக்கும் மதிப்பெண் குறையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, அதுல போய் உப்பைப் போட்டே?"

"பின்னே? உப்பு போடாம எப்படி அலசறது? உங்க டீச்சரம்மா புழுவோடவா ஆக்கித் திங்குது?"

இப்போது ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். முதல் பார்வையில் எது கெட்டுப்போனதாகத் தெரிந்தாலும் உடனே தூக்கிப் போடாமல், கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை குனிந்து பார்க்கும் பழக்கம், அம்மா போட்ட அந்த ஒரு கைப்பிடி கல் உப்பில் எனக்கு வந்தது.