ஆயுத பூஜையன்று எண்ணெய் கக்கிய கார்

சுத்தம் நல்லது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே தவிர, எதை எப்போது சுத்தம் செய்யக்கூடாது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. அதனால்தான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பெரியப்பாவின் காரை நான் பாழாக்கினேன். அதுவும் ஆயுத பூஜையன்று. அதுவும் மறுநாள் காலையில் அம்மா மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவேண்டிய நேரத்தில்.

அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பதினாறு நாள் அங்கேயே கிடந்தாள். துணைக்குச் சித்தி இருந்தாள். சாணார்பட்டிக்குக் கிழக்கே இருந்த எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அப்பாவுக்கு வைக்கத் தெரிந்தது ரசம் ஒன்றுதான். பதினாறு நாளும் அதுதான் குழம்பு, அதுதான் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம். ராத்திரியில் அம்மாவின் பழைய சேலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுப்பேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

தையல் பிரியாமல் இருக்கவேண்டும், பஸ்ஸில் குலுங்கக்கூடாது, பின் சீட்டில் படுக்கவைத்துத்தான் கூட்டிப்போகவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா படுத்திருந்த கட்டிலுக்கு அடுத்த ஆள் தயாராக இருந்ததால் விஜயதசமியன்று காலையிலேயே காலி செய்தாக வேண்டும். வாடகைக் கார்க்காரர்களோ பூஜைக்கு வண்டியை நிறுத்தியாயிற்று, இனி இரண்டு நாள் கழித்துத்தான் எடுப்போம் என்றார்கள். மிச்சமிருந்தது பெரியப்பாவின் பழைய டீசல் கார் மட்டும்தான். அது என்னைவிட ஒன்பது வயது மூத்தது. பெரியப்பா திண்டுக்கல் டவுனில் இருந்தார். அந்தக் காரை அவர் லேசில் யாருக்கும் கொடுக்கமாட்டார். அப்பாவிடம் சாவியைக் கொடுக்கும்போது, “குடுத்த மாதிரியே திரும்பி வரணும்” என்று மூன்று முறை சொன்னாராம். அப்பா இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

பூஜையன்று காலையில் அப்பா டவுனுக்குப் போய்க் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நிறுத்தி, சூடு ஆறட்டும் என்று பானெட்டைத் திறந்துவைத்தார். “தூசிய மட்டும் தொடச்சு விடுத்தா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, கிணற்று மோட்டாருக்குப் பொட்டு வைக்கத் தோட்டத்துக்குப் போனார்.

தூசியை மட்டும்தான் துடைத்தேன், முதலில். பிறகு எஞ்சினை எட்டிப் பார்த்தேன். அடேயப்பா! எண்ணெயும் மண்ணும் அப்பி, கழுவாத தோசைக்கல் மாதிரி இருந்தது. எங்கள் அம்மா வரப்போகிற வண்டி இப்படியா இருப்பது? சோப்புத்தூளையும் தேங்காய் நாரையும் எடுத்துவந்தேன். தொட்டியிலிருந்து குளிர்ந்த தண்ணீரை இரண்டு வாளி மொண்டு எஞ்சின் தலையில் அப்படியே கவிழ்த்தேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அதற்குள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. பாவம், வெக்கையில் வந்த வண்டி, தண்ணீர் பட்டதும் சுகமாகச் சொடக்குப் போடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். தேய்த்துக் கழுவி, எட்டிய இடத்திலெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். டிக்கியில் இருந்த ஸ்பானர் பையைக்கூட விடவில்லை. அதையும் எடுத்துக்கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டிட்டேன்.

அப்பா திரும்பி வந்து பார்த்து அசந்துபோனார். “அடி ஆத்தி! இதுல மூஞ்சியப் பாத்துத் தல சீவலாம் போலயே!” என்றார். பதினாறு நாளில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பு ஒரு மணி நேரம்தான். சாமி கும்பிட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்குவதற்காக அப்பா வண்டியைக் கிளப்பினார். பழம் நசுங்கியது. கூடவே உள்ளே சிவப்பு விளக்கும் எரிந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தால், வண்டிக்கு அடியில் கோலத்தின்மேல் கறுப்பாக எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு அவள எதுல கூட்டியார்றது?” என்று அப்பா கேட்டார். என்னிடம் இல்லை, காரிடம்.

எனக்கு அந்த ‘டிக்’ ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்லப் பயம். எங்கள் அப்பா வருஷத்துக்கு ஒருமுறைதான் அடிப்பார், ஆனால் அந்த அடி அடுத்த வருஷம் வரைக்கும் தாங்கும். அடிகூடப் பரவாயில்லை. அம்மா வராமல் போனதற்கு நான்தான் காரணம் என்று சித்தி அம்மாவிடம் சொல்லிவிடுவாளே என்பதுதான் பெரிய பயம்.

பக்கத்துத் தோட்டத்து டிராக்டரில் கயிறு கட்டிக் காரைத் திண்டுக்கல்லில் ஒரு மெக்கானிக் பட்டறைக்கு இழுத்துப்போனோம். டிராக்டருக்கும் மாலை, காருக்கும் மாலை, இரண்டிலும் வாழைக்கன்று. வழியெல்லாம் ஜனங்கள் சாமி ஊர்வலம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பட்டறைக்காரர் அப்பாவுக்கு இளவட்ட வயதிலிருந்தே சினேகிதர். அப்பா அவரைப் பாய் என்பார், அவர் அப்பாவை மாப்ள என்பார், நான் மாமா என்பேன். அவர் முஸ்லிம். அவரிடம் வேலை பார்த்தவரை அண்ணன் என்பேன், அவர் இந்து. அந்த அண்ணனுக்காக வருஷா வருஷம் பட்டறையில் ஆயுத பூஜை நடக்கும். பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் மாமாதான் வாங்கிக் கொடுப்பார். நாங்கள் போனபோது பூஜை முடிந்திருந்தது. ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி வரைக்கும் அத்தனையும் வாழை இலையில் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தன. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை பூஜை முடியாமல் யாரும் தொடக்கூடாது.

“பாய், நாளைக்குக் காலைல அவளக் கூட்டியாரணும்” என்றார் அப்பா.

மாமா பானெட்டுக்குள் தலையை விட்டார். “பில்டர் ஹவுசிங் வெடிச்சிருக்கு மாப்ள” என்றார். எண்ணெயை வடிகட்டும் பில்டர் உட்கார்ந்திருக்கிற அலுமினியக் கூடு அது. “இதே எஞ்சின் பழசு ஒண்ணு பின்னாடி கெடக்கு. அதுலருந்து கழட்டி மாட்டிரலாம். கழட்டத்தான் கையில சாமான் இல்ல.”

“நீங்க எடுங்க பாய். எங்க சாமி ஒங்களக் கேக்காது” என்றார் அந்த அண்ணன்.

“ஒன்னையக் கேக்கும்லடா? நாளைக்கு ஒனக்குக் கையில கால்ல அடிபட்டா என்னையத்தான சொல்லுவ? அது வேணாம்” என்றார் மாமா. பிறகு அப்பாவிடம், “வண்டியில ஒரு பை இருக்குமே மாப்ள?” என்று கேட்டார்.

டிக்கியைத் திறந்தார்கள். சாக்குதான் இருந்தது. அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“சாமிக்கு வெச்சிருக்கேன்” என்றேன்.

மாமா சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. பட்டறைக்குப் பின்னால்தான் அவர் வீடு. மாமியைக் கூப்பிட்டு, பரணில் கிடந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். அவர் வெளிநாட்டில் வேலை பார்த்தபோது வைத்திருந்த சாமான்கள். மாமி பெட்டியை மட்டுமா கொண்டுவந்தார்? எனக்கு ஒரு தட்டு நிறைய நெய்ச்சோறும் கொண்டுவந்தார். பதினாறு நாள் ரசத்துக்குப் பிறகு அந்தச் சோறு தொண்டையில் இறங்கியிருக்க வேண்டும். நானோ பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

“இது பூஜையில வெக்காத சாமான்தான, நானும் தொடலாம்” என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு அண்ணனும் சட்டையைக் கழற்றினார். மிச்ச எண்ணெயை வடித்துவிட்டு, பில்டரைக் கழற்றி, போல்ட்டுகளைத் திருகினார்கள். ஒன்று மட்டும் வரவே மாட்டேன் என்றது. அதைத் தட்டி, சூடு காட்டி, கொஞ்சிப் பார்த்து, கடைசியில் திட்டியதும்தான் வந்தது. பழைய எஞ்சினிலிருந்து எடுத்த கூட்டை டீசலில் கழுவினார்கள். எண்ணெய் கசியாமல் இடையில் வைக்கிற பேக்கிங்கைக் கடையில் வாங்க முடியாது, கடையெல்லாம் பூட்டு. மாமா ஒரு தடித்த தாளைக் கூட்டின் வாயில் வைத்து, விளிம்பைச் சுற்றிச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். தட்டத் தட்ட, தாள் அதே வடிவத்தில் அறுந்து கையோடு வந்தது.

அப்பா சித்தியிடம் போன் பேசத் தெருவுக்குப் போயிருந்தார். மாமா உடைந்த கூட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எஞ்சினக் கழுவுனது யாரு பாப்பா?”

“நான்தான்.”

“அப்ப சூடா இருந்துச்சா?”

“இல்ல” என்றேன். என் காதே சூடாகிவிட்டது.

“ம்” என்றார். கீழே கிடந்த அழுக்குத் துணியை எடுத்தார். கரி எண்ணெயில் ஊறிய துணி அது. அதைக் கொண்டு உடைந்த கூட்டை, விரிசலுக்குள் நகம் விட்டு, அழுத்தி அழுத்தித் தேய்த்தார். தூக்கிப்போடப் போகிற சாமானை யாராவது துடைப்பார்களா? அதுவும் இவ்வளவு அழுக்குத் துணியாலா? சுத்தம் தெரியாத மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா வந்ததும் மாமா அதை நீட்டினார். “ரொம்ப நாள் விரிசல் மாப்ள. வீட்லயே விட்டுச்சு. நாளைக்கு மதுர ரோட்டுல, வூட்டம்மாவ வெச்சுக்கிட்டு வாரப்ப விட்டிருந்தா? அல்லா காப்பாத்துனான்.”

அப்பா வாங்கிக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். “ஆமா பாய், பழசுதான்” என்றார்.

மாற்றுக் கூடும் எண்ணெயும் ஏறி எஞ்சின் ஓடியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாமா அடியில் கையை விட்டு எடுத்துக் காட்டினார். காய்ந்த கை. அதைக் கழுவிக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டார். நான் அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. இவ்வளவு பெரிய மெக்கானிக்கை ஏமாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரே கெத்து.

மறுநாள் அம்மா வந்தாள். என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, மதுரையிலிருந்து வீடு வரைக்கும் ஒரு குலுங்கல் இல்லாமல் வந்தாள். “வண்டியே சந்தனமா மணக்குதே” என்றாள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. காரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெரியப்பா அந்தக் கறுத்த விரிசலைப் பார்த்துவிட்டு, “ஓட்ட வண்டியக் குடுத்துட்டேனேடா” என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அம்மாவை டாக்டரிடம் காட்டப் போகும்போதெல்லாம் கேட்காமலே கார் வந்தது.

போன வருஷம் என் கார் ஒரு கல்லில் மோதி எண்ணெய் ஒழுகியது. இது முன்பே இருந்த விரிசலா என்று பட்டறையில் கேட்டேன். அங்கிருந்த பையன் உடைந்த துண்டைக் காட்டினான். “பாருங்கக்கா, ஒடஞ்ச எடம் வெள்ளையா மின்னுதுல்ல? இது புதுசு. பழசுன்னா உள்ள அழுக்கு ஏறிக் கறுத்துப்போயிருக்கும்” என்றான். எனக்கு மாமாவின் அழுக்குத் துணி ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே திண்டுக்கல்லுக்குப் போனேன். மாமா இப்போது பட்டறைக்கு வருவதில்லை, வீட்டோடு இருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். “எந்த வண்டி பாப்பா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே” என்றார். மாமி அடுப்படியில் சிரித்தார்.

சாயங்காலம் ஊருக்குப் போய் அப்பாவிடமும் ஒப்புக்கொண்டேன். அவர் பயறு உடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

“அன்னிக்கே தெரியும். கட்ட வெரலால தொடச்சேன்ல? கறுப்புக்குக் கீழ பளபளன்னு இருந்துச்சு.”

“பெறகு ஏம்ப்பா அடிக்கல?”

“அம்மா வாரான்னு கழுவியிருக்க” என்றார் அப்பா. “அதுக்கு எப்படித்தா அடிக்கிறது?”