வளையத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி

ரோடோப்பி மலைமேல் இருந்த வானாய்வு நிலையத்தில் ஸ்தோயங்காவுக்குப் பதினான்கு வருடமாக ஒரே வேலை, எண்ணுவது. ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே இன்னொன்று பாய்ந்து போனதில், குளத்தில் கல் விழுந்தாற்போல அலை விரிந்து, மண்டலமே வளையமாகிக் கிடந்தது. அலை நசுக்கிய வாயுவிலிருந்து அந்த வளையம் நெடுகப் பெரிய பெரிய விண்மீன்கள் பிறந்திருந்தன. எல்லாம் அவசரப் பிறவிகள். சூரியன் பல நூறு கோடி வருடம் வாழும் என்றால், இவை சில பத்து லட்சத்திலேயே வெடித்துச் செத்துவிடும். கண்ணாடித் தகட்டில் பதிந்த படத்தை உருப்பெருக்கியில் வைத்து, வளையத்தின் ஒளிமுடிச்சுகளை அவள் எண்ணுவாள். முப்பத்தொன்று.

வேலைக்கு வந்த புதிதில், முப்பத்திரண்டாவதைக் கண்டுவிட்டேன் என்று தகட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பார்த்தால் தூசி! அன்றிலிருந்து சாப்பாட்டு வரிசையில் அவளைக் கண்டாலே, "அக்கா, பீன்ஸ் சூப்புல ஒரு நட்சத்திரம் மிதக்குது, எண்ணிட்டியா?" என்று கேலி. கேட்டவர்கள் எல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள். நாக்கில் நரம்பில்லாத ஜென்மங்கள்.

பதினான்காம் வருடம் தலைநகர் சோஃபியாவிலிருந்து கடிதம் வந்தது. கோடைக்குள் ஒரு கண்டுபிடிப்பாவது இல்லையென்றால் அவள் இருந்த ஏழு பேர் குழுவைக் கலைத்துவிடுவார்களாம். மார்ச்சில் வளையத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு புள்ளி அவள் கண்ணில் பட்டது. மெய்யான விண்மீன் என்றால் கூடவே எடுத்த இரண்டாம் தகட்டிலும் இருக்கவேண்டும். அதுவோ கழுவும்போது உடைந்துபோயிருந்தது. ஸ்தோயங்கா கதவுவரை போனாள், திரும்பி வந்தாள். உறைமேல் 'தூசி' என்று எழுதி, தகட்டை அலமாரியில் வைத்துவிட்டாள்.

மூன்று வாரத்தில் வெளிநாட்டிலிருந்து தந்தி. அதே வளையத்தில், அதே ஓரத்தில், ஒரு பெருவிண்மீன் வெடித்து, புதுப் புள்ளியாக ஒளிர்ந்திருக்கிறது! குழுத் தலைவர் மிலெவ் அலமாரியைக் குடைந்து, உறையோடு வந்து நின்றார்.

"அவங்களுக்குப் பத்து நாள் முன்னாடியே நம்ம கையில இருந்திருக்கு. ஏன் என்கிட்ட காட்டல?"

"சிரிப்பீங்கன்னுதான், தோழர்."

மிலெவ் புது உறை ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"சரி, போனது போகட்டும். இதுல 'புது விண்மீன்'னு எழுதி, அன்னிக்குத் தேதியப் போடு. பழசை அடுப்புல போட்டுடலாம். ஏழு பேரோட பொழப்பு, ஸ்தோயங்கா!"

அவள் பேனாவை எடுத்தாள், திறந்தாள், மூடி வைத்தாள்.

"இதை எழுதினா, நான் எண்ணின முப்பத்தொண்ணும் பொய்யாயிடும். என்னால முடியாது, தோழர்."

"அடிப் பைத்தியமே, அந்த முப்பத்தொண்ணை இதுவரைக்கும் யாரு கேட்டா?"

அவர் திட்டவில்லை, நிஜமாகவேதான் கேட்டார். அவள் பழைய உறையை அலமாரியிலேயே திருப்பி வைத்தாள்.

ஜூனில் குழு கலைந்தது. மற்ற ஆறு பேரில் ஒருவர்கூட அவளிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஸ்தோயங்கா அடிவாரத்துக் கம்பளி ஆலையில் சேர்ந்தாள். முன்னே என்ன வேலை பார்த்தாய் என்று அங்கே பெண்கள் கேட்பார்கள்.

"மலைமேல ஒரு ஆபீசுல கூட்டிப் பெருக்கிட்டிருந்தேன்" என்பாள்.