நூற்றெட்டாம் சங்கீதமும் ஒரு ஜோடிச் செருப்பும்

எங்கள் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் அது டேனரி மேஸ்திரிதான். வேறு யாருக்கும் செருப்பு கிடையாது. ஆம்பூரில் அந்தத் தெரு ஆண்கள் அத்தனை பேரும் டேனரியில் வேலை செய்தவர்கள். ஆட்டுத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் வழித்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டு எடுத்து, சீமைக்குக் கப்பலேறும் பதத்துக்குக் கொண்டுவருவார்கள். சீமையில் யார் யாரோ எங்கள் அப்பாக்கள் பதனிட்ட தோலைக் காலில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். எங்கள் அப்பாக்கள் வெறுங்காலோடு நடந்தார்கள். இதில் விசேஷம் ஏதும் இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மேஸ்திரியின் செருப்பு கிறீச் கிறீச்சென்று பேசும். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துகொள்வார்கள். நாங்கள் பாண்டியாட்டத்தை அப்படியே விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்வோம். அவரும் எங்களைப் போல வேதக்காரர்தான், மிஷன் சபைக் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டை மற்றவர்களுக்கு முன்னால் தொடங்கி, மற்றவர்களுக்குப் பின்னால் முடிப்பார். அவருடைய மகள் கிருபை மிஷன் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருவாள். அவள் எனக்குப் பலப்பம் தருவாள். நான் அவளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தருவேன். அந்த வகையில் எங்கள் சிநேகிதம் நியாயமாகவே நடந்துவந்தது.

அந்த வருஷம் நோன்பு மாதத்தில் டேனரியில் பதனிட்டு அடுக்கிவைத்த தோலில் ஒரு கட்டு காணாமல் போயிற்று. கிடங்குச் சாவி என் அப்பாவிடம் இருந்தது. மேஸ்திரியிடமும் ஒரு சாவி இருந்தது. ஆனால் அந்த இரண்டாவது சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பாதான் எடுத்திருக்க வேண்டும் என்று மேஸ்திரி டேனரி முதலாளி சாயபுவிடம் சொன்னார். சாயபு நல்ல மனிதர். நோன்பு நேரத்தில் போலீசைக் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. பெருநாள் பிறை தெரிவதற்குள் தோல் வந்து சேரவேண்டும், இல்லாவிட்டால் தாணாக்காரர்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டு அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைப் பயமுறுத்த பேய் பிசாசு தேவையில்லை. வேலூர் ஜெயில் என்று சொன்னால் போதும். அதன் மதில் வானம் வரைக்கும் போகும் என்றும், உள்ளே போனவர்களைத் திரும்பி வந்தபிறகு அவர்கள் வீட்டு நாய்க்குக்கூட அடையாளம் தெரியாது என்றும் சொல்வார்கள். அந்த ஜெயிலுக்கு என் அப்பா போகப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரே பிறைக்காகக் காத்திருந்தது. மசூதித் தெருப் பிள்ளைகள் புதுச்சட்டை பற்றிப் பேசிக்கொண்டு போவார்கள். நான் மட்டும் இந்த வருஷம் பிறை தெரியவே கூடாது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தினமும் பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று வேறு டேனரிகளுக்கு வேலை தேடிப் போய் விளக்கு வைத்தபின் திரும்புவார். அவருக்கு முன்னால் அவர் கதை அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். வந்து கால் கழுவிக்கொண்டு உட்காருவார். அம்மா அழுதுகொண்டே கடவுளுக்குக் கண்ணில்லையா என்று கேட்பாள். "அவரு செய்வாரு. எப்பன்னு நாம சொல்லக் கூடாது," என்பார் அப்பா. அம்மாவுக்கு இது போதவில்லை. எனக்கும் போதவில்லை. பிறை வருவதற்குள் செய்தால் நன்றாயிருக்குமே என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் பெரியம்மா வந்தாள். அம்மாவின் அக்காவான அவள் வேலூருக்குப் பக்கத்தில் கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். வந்து உட்கார்ந்து, எல்லாம் கேட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு, இதற்கெல்லாம் ஒரு வழி இருக்கிறது என்றாள்.

எங்கள் சனங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாதிரி ஐயர்மார் அதைக் கேட்டால் திட்டுவார்கள் என்பதால் அவர்கள் காதுக்குப் போகாமல் இருந்தது. அநியாயம் செய்தவன் வீட்டுப் பக்கமாக முகத்தை வைத்து, தினமும் அந்திநேரத்தில், வேதபுத்தகத்துச் சங்கீதத்தில் ஒன்றைப் படிக்கவேண்டும். அது எதிராளிக்கென்றே இருக்கிற சங்கீதம்.

"நூத்தியெட்டு. எங்க கோயிலு உபதேசியாரே சொன்னாரு. அதப் படிச்சா அவன் பொண்டாட்டி தாலி அறுப்பா. அவன் புள்ளைங்க அப்பனில்லாம தெருவுல நிக்கும்," என்றாள் பெரியம்மா.

அவளுக்கும் படிக்கத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. வீட்டில் எழுத்துத் தெரிந்தவர்கள் அப்பாவும் நானும். அப்பாவுக்குத் தெரியாமல் இதைச் செய்யவேண்டும். ஆகவே வேதபுத்தகம் என் மடிக்கு வந்தது.

நான் அப்போது பட்ட பயத்தை இன்றைக்கும் சொல்லி முடியாது. படிக்காவிட்டால் என் அப்பா வேலூர் ஜெயிலுக்குப் போவார். படித்தால் கிருபையின் அப்பா செத்துப்போவார். யாருடைய அப்பா வேண்டும் என்று என்னிடம் கேட்டதுபோல இருந்தது. நூற்றெட்டாம் சங்கீதத்தைத் தேடி எடுத்து, நாலு வீடு தள்ளியிருந்த மேஸ்திரி வீட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பள்ளிக்கூட ராகத்தில் படிக்க ஆரம்பித்தேன்.

என் மனம் ஆயத்தமாயிருக்கிறது என்று தொடங்கிற்று. அப்புறம் பாடுவேன், கீர்த்தனம் பண்ணுவேன் என்றிருந்தது. வீணையே எழுந்திரு, விடியற்காலையை நானே எழுப்பிவிடுவேன் என்பதுபோலப் போயிற்று. தாலியையும் காணோம், அனாதைப் பிள்ளைகளையும் காணோம். அம்மா முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாக்கா இது, பாட்டுக் கச்சேரி மாதிரி வருது?"

பெரியம்மா அசரவில்லை. கலெக்டருக்கு மனு எழுதும்போது எடுத்தவுடனே வழக்கைச் சொல்வார்களா, முதலில் தர்மதுரையே, மகாராஜாவே என்று நாலு வரி போட்டுவிட்டுத்தானே விஷயத்துக்கு வருவார்கள் என்று கேட்டாள். அது சரியாகத்தான் பட்டது. நான் மேலே படித்தேன். கொஞ்சம் தள்ளி விஷயம் வந்தேவிட்டது. ஏதோம் என்று ஒரு தேசம். அந்தத் தேசத்தின்மேல் கடவுள் தமது பாதரட்சையை எறிவதாக அதில் இருந்தது.

"பாதரட்சைன்னா?" என்றாள் அம்மா.

"செருப்பும்மா."

அம்மா இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். தோலிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குச் செருப்படியைவிடப் பெரிய தண்டனை ஒன்றும் தெரியாது. அதையும் கடவுள் கையாலேயே எறிவது என்றால் அதற்குமேல் என்ன வேண்டும்? பெரியம்மா மறுநாள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த வரி வரும்போதெல்லாம் அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொல்வாள்.

அவளுக்கு ஆறுதல் கிடைத்தது. என்னுடைய பயம் இரண்டு மடங்காயிற்று. தாலியும் அனாதைப் பிள்ளைகளும் இந்தச் செருப்புக்குள்தான் அடக்கம் என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். மேலிருந்து செருப்பு விழும், மேஸ்திரி சாவார், கிருபை தெருவில் நிற்பாள். அதோடு எனக்கு இன்னொரு கணக்கும் இடித்தது. கடவுளின் செருப்பு எவ்வளவு பெரிதாக இருக்கும்? பூமியே அவர் கால் வைக்கிற பாதபடி என்று ஞாயிறு பள்ளியில் சொல்லித்தந்திருந்தார்கள். அப்படிப்பட்ட காலுக்கான செருப்பு மேஸ்திரி வீட்டின் மேல் மட்டும் அளவாக விழுமா? நாலு வீடு தள்ளி இருக்கிற எங்களையும் சேர்த்துத்தானே அமுக்கும்? இடி இடித்தால் வீட்டுக்குள் ஓடினேன். வீட்டுக்குள் போனால் கூரையைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினேன்.

பள்ளிக்கூடத்தில் கிருபை என் பக்கத்தில் உட்கார்ந்து பலப்பத்தைப் பாதியாக ஒடித்து நீட்டும்போது அதை வாங்க எனக்குக் கை வராது. ஒருநாள் தாங்க முடியவில்லை.

"கிருப, சாயங்காலத்துல வூட்டுக்குள்ள இருக்காதடி. ஒங்க நைனாவையும் இருக்கவிடாத," என்றேன்.

"ஏன்டி?"

"கடவுள் ஒங்க வூட்டு மேல செருப்ப எறியப்போறாரு. நாங்க தெனம் படிக்கிறோம்."

அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். அழுகிற பிள்ளை வீட்டில் எதையும் மறைக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அன்று அந்தியில் படிக்க உட்காரும்போது தெருமுனையில் அந்தக் கிறீச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வீடாகத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. எனக்கு மூத்திரம் வந்துவிடும்போல இருந்தது. தாணாக்காரர்களைத்தான் கூட்டிவந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் மேஸ்திரி தனியாகத்தான் வந்திருந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்கள் வீடுகளில் அவர் அதுவரை செருப்பைக் கழற்றியதில்லை. உள்ளேயே வந்ததில்லை.

"என் மேல படிக்கிறீங்களாமே. இன்னா படிக்கிறீங்க?" என்றார். குரலில் அதட்டல் இருந்தது, ஆனால் அது முழுசாக வெளியே வரவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, "படி பாப்பா. நானும் கேக்குறேன்," என்றார்.

நான் படித்தேன். குரல் என்னுடையதுபோலவே இல்லை. என் மனம் ஆயத்தமாயிருக்கிறது என்று ஆரம்பித்ததும் அவர் தலையை நிமிர்த்தினார். வேறு எதையோ எதிர்பார்த்து நின்ற மாதிரி இருந்தது. பாடுவேன், துதிப்பேன் என்று நான் படித்துக்கொண்டே போக, அவர் அம்மாவைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், அதில் நெருப்பில்லாததைப் பார்த்தார். செருப்பு வரியில் நான் கண்ணை மூடிக்கொண்டு படித்தேன். ஒன்றும் விழவில்லை. மனுஷனுடைய உதவி வீண் என்கிற இடத்துக்கு வந்தபோது வாசல் பக்கம் நிழல் நகர்ந்தது. கண்ணைத் திறந்தேன். மேஸ்திரி போய்க்கொண்டிருந்தார். ஓடுவதற்கும் நடப்பதற்கும் நடுவில் ஒரு வேகம். சத்தமே இல்லை.

வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது.

அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். நான் அலறிவிட்டேன். எறிகிறேன் எறிகிறேன் என்று இத்தனை நாள் சொன்ன செருப்பு எங்கள் வாசலில் அல்லவா வந்து விழுந்திருக்கிறது!

அப்பா வந்தபோது நாங்கள் இருவரும் செருப்பைத் தாண்ட முடியாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். நடந்ததை அம்மா சொன்னாள். சங்கீதம் படித்ததையும் சொல்லவேண்டியதாயிற்று. அப்பா திட்டவில்லை. குனிந்து செருப்பைக் கையில் எடுத்து, துண்டால் மண்ணைத் தட்டினார்.

"அத்தத் தொடாத!" என்றாள் அம்மா.

"வெறுங்கால்ல போயிருக்காரு. அவருக்குப் பழக்கமில்ல. வழியெல்லாம் முள்ளு," என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி மேஸ்திரி வீட்டுக்குப் போனார். போனவர் வெகுநேரம் வரவில்லை. அடிக்கிறார்களோ, கட்டிவைத்திருக்கிறார்களோ என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் சோறு உண்டா என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தெரிந்தும் கேட்டார்.

மறுநாள் காணாமல்போன தோல் கட்டு டேனரியிலேயே ஆவாரம்பட்டைக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. தினமும் புரட்டுகிற குவியல் அது. அதற்கடியில் அத்தனை நாளும் எவர் கண்ணிலும் படாமல் எப்படிக் கிடந்தது என்று சாயபு கேட்கவில்லை. பெருநாளன்று பாயசத்தை அப்பாவுக்குத் தன் கையால் கொடுத்து, நாளை வேலைக்கு வா என்றார். மேஸ்திரியின் மைத்துனன் அந்த வாரமே கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போய்விட்டான். தோலை எடுத்தவன் அவன்தான் என்பது ரொம்ப நாள் கழித்து வெளியே வந்தது. மச்சானைக் காப்பாற்றத்தான் மேஸ்திரி என் அப்பாவின் மேல் பழி போட்டிருக்கிறார்.

நான் பெரியவளாகி வேலூரில் உபாத்தியாயினிப் பயிற்சிக்குப் படித்தபோது, என் அறையில் ஒரு கத்தோலிக்கப் பெண் இருந்தாள். ஒருநாள் சங்கீதத்தின் எண்ணைச் சொல்லி இருவரும் படிக்கப் போக, எங்கள் இரண்டு புத்தகமும் ஒத்துவரவில்லை. பெரும்பாலான சங்கீதங்களுக்கு அவர்கள் எண் எங்களுடையதைவிட ஒன்று குறைவு. அவர்களுடைய நூற்றெட்டு எங்களுக்கு நூற்றொன்பது. அன்று தனியாக உட்கார்ந்து எங்கள் நூற்றொன்பதைப் படித்தேன். தாலியும் இருந்தது, தெருவில் பிச்சையெடுக்கும் பிள்ளைகளும் இருந்தார்கள். கிருபையை நினைத்துப் புத்தகத்தை மூடிவைத்தேன். அவளுக்கு அப்போது கல்யாணமாகி, மேஸ்திரி பேரனைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

லீவில் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நல்லவேள, ஒங்க பெரிம்மாவுக்குக் கணக்கு வரல," என்றாள்.

எங்கள் புத்தகத்தில் சாபம் எந்த எண்ணில் இருக்கிறது என்று மேஸ்திரிக்குத் தெரியும். சாபத்தைக் கேட்கத் தயாராக வந்தவர் அவர். அதற்குப் பதில் சொல்லவும் தயாராகத்தான் வந்திருப்பார். அடுப்பு எரியாத வீட்டில் உட்கார்ந்து, தெரிந்தேதான் தோத்திரச் சங்கீதத்தைப் படிக்கிறோம் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். அதனால்தான் செருப்பைக்கூட மறந்துவிட்டுப் போனார்.

அந்தப் பெருநாளுக்குப் பிறகும் அவர் எங்கள் தெரு வழியாகத்தான் போய்வந்தார். கிறீச் சத்தம் தெருமுனையில் ஆரம்பித்து, எங்கள் வீடு வந்ததும் நின்றுவிடும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் வாசலைத் தாண்டி மறுபடி போட்டுக்கொள்வார். செருப்பு காலைக் கடிக்கிறதுபோல என்று அப்போது நினைத்துக்கொள்வேன். கிருபை வீட்டுக் கூரை முழுசாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்காது. ஆனாலும் மனசில் ஓரமாக ஒரு வருத்தம் இருந்தது. நாலே வீடு தள்ளி, அத்தனை நாள் சொல்லிச் சொல்லி எறிந்தும், கடவுளுக்குக் குறி தப்பிவிட்டதே என்று அவருக்காக நான் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.