வரியின் தலையில் ஏறிய கொமா

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உள்துறைமுகத்துப் படகு இயந்திரங்களைத் திருத்தித் திருத்தியே லிங்கநகரில் கல்வீடு கட்டினேன், ஐஸ் ஆலை ஒன்றை நிமிர்த்தினேன், மகளைப் பொறியியலாளர் ஆக்கினேன், ஐம்பத்தெட்டு வயதில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கணினிக்கு நிரல் எழுதவும் பழகினேன். ஒருவரும் கைகொடுக்கவில்லை. ஆவி, பேய் என்று கதைப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இதைக் கேட்டு நீங்களும் சிரிப்பீர்கள், சிரியுங்கள், நடந்தது நடந்ததுதான்.

ஆலையின் குளிரறையில் குளிர் குறைந்தால் மணி அடிக்கிற நிரல் ஒன்றை நானும் ஆலையின் மின்வேலை பார்த்த கிண்ணியா வயர்மன் நசீரும் சேர்ந்து தொடங்கினோம். எங்களுக்குள் ஒரே சண்டை கொமா என்கிற காற்புள்ளிக்குத்தான். நிரலில் பட்டியல் எழுதினால் எல்லோரும் கொமாவை வரியின் முடிவில் வைப்பார்கள், நசீர் மட்டும் அடுத்த வரியின் தலையில் வைப்பார்.

"வால்ல தொங்கினாக் கண்ணுக்குப் படாது அண்ணன், தலையில இருந்தா விட்டது உடன தெரியும்."

"உங்கட வயர்ப் புத்தி எங்க போகும்!"

பாதி வேலையில் நெஞ்சுவலி வந்து மனிதர் மௌத்தாகிவிட்டார். மிச்சப் பாதியை, அந்த மணி அடிக்கிற பகுதியை, ஒரு வருடம் தனியே இருந்து நான்தான் எழுதி முடித்தேன்.

மகளின் அலுவலகம் இப்போது அதை மற்ற ஆலைகளுக்கும் கொடுக்கப் போகிறது. கோப்பின் உச்சியில் எழுதியவர் பெயர் வர வேண்டும். என் பெயரை மட்டும் போட்டேன். பிறகு எல்லாம் ஒரே சீராகத் தெரியட்டும் என்று, எடிட்டரில் சேவ் பண்ணும்போதெல்லாம் வரிகளைத் தானாக அடுக்கிவிடும் போமட்டரை என் விருப்பத்துக்கு மாற்றி வைத்தேன். வரிக்கு முன் நான்கு இடைவெளி, அடைப்புக்குறி தனி வரியில், கொமா முடிவில். பட்டப்பகல், வெளியே ஐஸ் உடைக்கிற சத்தம். சேவ் பண்ணினேன்.

நம்பினால் நம்புங்கள், அத்தனை கொமாவும் அடுத்த வரியின் தலையில் ஏறி நின்றது. நசீர் எழுதிய பாதியில் மட்டுமல்ல, அவர் போனபிறகு நான் எழுதிய பாதியிலும். இடைவெளி சரி, அடைப்புக்குறி சரி. கொமாவைக் கையால் ஒவ்வொன்றாக இறக்கி மறுபடி சேவ் பண்ணினேன், மறுபடி ஏறியது.

மகளைக் கூப்பிட்டேன். "எதையோ மாத்திப்போட்டீங்கள் அப்பா" என்று சிரித்துக்கொண்டு கதிரையில் இருந்தவள், நான் மாற்றியதை இரண்டுதரம் வாசித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"கொமாவை முன்னுக்கு வைக்கிற வசதியே இந்தப் போமட்டரில இல்லை அப்பா. நாங்கள் சொன்னாலும் அதுக்கு ஏலாது."

"அப்ப ஆர் வச்சது?"

அவள் உச்சியில் இருந்த பெயரைப் பார்த்தாள். "நசீர் மாமாட பேர் எங்க?"

"மணியை எழுதினது நான்தானே பிள்ளை!"

"ஓம். மற்றப் பாதி?"

நசீரின் பெயரையும் போட்டேன். போட்டுச் சேவ் பண்ணிய கையோடு அவர் எழுதிய பாதியில் கொமாக்கள் முடிவுக்கு இறங்கிவிட்டன. நான் தனியே எழுதிய மணிப் பகுதியில் இன்றுவரை இறங்கவில்லை. மகளின் கணினியிலும் அப்படித்தான். கொமாவை அப்படி வைப்பவர் நசீர் என்று அவள் சொல்லியிருந்ததால், அலுவலகத்தில் திறந்து பார்க்கிறவர்கள் மணியையும் அவர்தான் எழுதினார் என்கிறார்கள். இல்லை என்று நான் சொன்னால், பாவம் கிழவன் என்பதுபோல் பார்க்கிறார்கள்.

நசீரின் பெயர் இருக்கட்டும், அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் மணியை எழுதியவன் நான். அதை அலுவலகத்தார் என் பெயருக்குப் பக்கத்தில் தெளிவாக எழுதி வைக்க வேண்டும்.