சத்தமாகச் சொன்ன ஜெபம்

பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குக் கோபப்படக் கூடாது என்பதுதான் நான் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது. எந்த ஊர், அப்பாவுக்கு என்ன வேலை, கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், கல்யாணம் ஆகிவிட்டதா, முடி ஏன் இப்படி இருக்கிறது. "இங்கே எல்லாரிடமும் இப்படித்தான் கேட்பார்கள். உன்னைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்ளத்தான் கேட்கிறார்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடு" என்றேன். அப்போது நானும் அதை நம்பினேன்.

இரணியல் பக்கம் நான் பாடம் எடுக்கும் கல்லூரிக்குச் சில வருடங்களாக ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது என் வகுப்புகளில் பாதி வேறொருவருக்குப் போயிருந்தது. "வெளிநாட்டுப் பிள்ளைகள நீங்க பாத்துக்கிடுங்க டீச்சர், ஒங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வருமில்லியா" என்றார் முதல்வர். பார்த்துக்கொள்வது என்றால் என்னென்ன என்று யாரும் சொல்லவில்லை. நானாக யோசித்து, சிம் கார்டு வாங்க, பேருந்தில் எந்தப் பக்கம் உட்கார, செருப்பை எங்கே கழற்ற, உள்ளாடையை எங்கே காயப்போட என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். சொன்ன பிறகு, அதிகமாகச் சொல்லிவிட்டேனோ என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசிப்பேன்.

அவள் தான்சானியாவிலிருந்து வந்தவள். முதல் மாதம் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மெலிந்துபோனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிவந்து மரச்சீனி அவித்து, மீன் குழம்பு வைத்துக் கொடுத்தேன். தட்டைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்தாள். அவர்கள் வீட்டிலும் இதே கிழங்குதான், தேங்காய்ப்பாலில் வேகவைப்பார்களாம். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வந்தாள். என்னை அக்கா என்றாள். ஒன்றரை வயதான என் மகன், வேறு யாரிடமும் போகாதவன், அவள் தோளில் தூங்கினான். அவனைத் தூக்கும் விதத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு கையால் இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் மொண்டு குடிப்பாள். அது பிள்ளை வளர்த்தவளின் கை.

விடுதியில் மாலையானால் போனை வார்டன் வாங்கி வைத்துவிடுவார். அது பிடிக்காமல் வெளியே ஓர் அறை கேட்டாள். எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அம்மாவின் மாடி அறை காலியாக இருந்தது. அவர் மகன் குவைத்தில். "எனக்க பொறுப்பு மாமி, தங்கமான பிள்ளை" என்று நான் சொன்ன பிறகுதான் சாவியைக் கொடுத்தார். சாயங்காலம் மொட்டைமாடியில் நின்று அவள் வீடியோவில் பேசுவாள். பாட்டெல்லாம் பாடுவாள். கீழே துணி மடிக்கும் வீட்டுக்காரம்மா, "தம்பிகிட்ட பேசுதா போல, எம்புட்டுப் பாசம் பாத்தியா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். நானும் தம்பி என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைனி வந்திருந்தாள். என் கணவரின் அக்கா. எங்கள் பக்கம் மைனி என்போம். என் பிரசவத்தின்போது ராப்பகலாக என்னுடன் இருந்தவள். பெற்ற தாயிடம் சொல்லாததையும் நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அடுக்களையில் மூன்று பேரும் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தோம்.

"வீட்டுல ஆரெல்லாம் இருக்காவன்னு கேளு" என்றாள் ஆங்கிலம் தெரியாத மைனி.

கேட்டேன். அவள் என் மகனைப் பார்த்தாள். பிறகு நான் சொல்லிக்கொடுத்தபடியே சிரித்துக்கொண்டு, அம்மா இருக்கிறாள், இரண்டு வயதில் தனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். உள்ளியின் காரம் என்று நினைத்த என் மகன் அவள் கண்ணை ஊதினான்.

"மாப்பிள்ள?" என்றாள் மைனி.

கூட இல்லை என்றாள். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். இறந்துவிட்டானா, பிரிந்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை. கேட்பது முறையில்லை என்று பட்டது. கேட்டுச் சொல்லியிருந்தால் பிறகு நடந்தது மாறியிருக்குமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மைனி கையைத் துடைத்துவிட்டு அவள் தலையில் வைத்தாள். "நான் ஒனக்காக ஜெபிக்கட்டா மக்கா? கேளுட்டி." கேட்டேன். அவள் தலையாட்டினாள். போகும்போது என்னிடம் மட்டும், வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிய வேண்டாம் அக்கா என்றாள். அதையும் மைனியிடம் சொன்னேன். "எனக்குத் தெரியாதா? நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றாள் மைனி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம். ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டில் நடப்பது, அந்த வாரம் அந்த வீட்டுக்காரம்மாவின் முறை. கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. மாடியிலிருந்து அவளையும் அழைத்திருந்தார்கள். என் அருகில் உட்கார்ந்து, துப்பட்டாவை எங்களைப் போலவே தலைக்குப் போட்டுக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் மைனியை ஜெபிக்கச் சொன்னார்கள். மைனிக்குக் குரல் நல்ல குரல்.

மழைக்காக ஜெபித்தாள். ஒருவரின் மூட்டுவலிக்காக, ஒருவரின் மகளுக்கு வரன் அமைய. பிறகு, "ஆண்டவரே, கடல் கடந்து வந்து இந்த வீட்டு மாடியில இருக்க பிள்ளைய ஒம்ம கையில தாறோம்" என்று தொடங்கி அவள் பெயரைச் சொன்னாள். "கலியாணத்துக்கு முன்ன பெத்த குழந்தைய தாய்க்கிட்ட விட்டுட்டு வந்திருக்கா. அவ அறியாம செஞ்ச பாவத்த மன்னியும். அவளுக்க கண்ணீரப் பாரும்."

கலியாணத்துக்கு முன் என்று யார் சொன்னது? நான் கண்ணைத் திறந்துவிட்டேன். ஜெபத்தின் நடுவில் யாரும் கண்ணைத் திறப்பதில்லை, யாரும் குறுக்கே பேசுவதில்லை. எதிரே வீட்டுக்காரம்மாவும் திறந்திருந்தார். என்னைத்தான் பார்த்தார். பக்கத்தில் அவள் கண்ணை இறுக மூடி, தன் பெயர் மட்டும் புரிந்த சந்தோஷத்தில் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னாள். எழுந்து போய் மைனியைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா போன் செய்தார். கோபமே இல்லாத குரல். "மோன் லீவுக்கு வாறானாக்கும். மாடி வேணும். அந்தப் பிள்ளைட்ட நீயே பதமா சொல்லு. நீதான கொண்டுவந்து விட்ட."

மைனி வீட்டுக்குப் போனேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் மைனி அப்படிச் சொன்னிய?"

"எப்படிச் சொன்னேன்?"

"அந்தக் குழந்தையப் பத்தி. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியண்டாம்னு சொன்னேன்லா."

"நான் அவியகிட்டயா சொன்னேன்? ஆண்டவர்ட்டதான சொன்னேன். ஜெபம் பண்ணக் கேட்டப்போ அவதான சரின்னா? நீதான கேட்டுச் சொன்ன?"

"கலியாணத்துக்கு முன்னன்னு அவ சொல்லவே இல்லியே."

"மாப்பிள்ள கூட இல்லன்னா பின்ன என்ன அர்த்தம்? ஏட்டி, ஊருல இல்லாத பிள்ளைக்காக எனக்க முகத்தப் பாத்து இப்படிக் கேக்கியே. ஒனக்குப் பேறுகாலம் பாத்தது நானாக்கும்."

 என் கணவரும் அதையே சொன்னார். "விடு. அதுக்காக அக்காவப் பகைக்கணுமா?" நான் பகைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மைனிக்கும் சேர்த்துச் சமைத்தேன். ஆனால் என் மகனுக்குக் காய்ச்சல் வந்ததைக்கூட அவளிடம் சொல்லாமல் மறைத்தேன். என் உடம்பை அறிந்த ஒரே ஆள் என்று நினைத்திருந்தவளிடம் ஒரு சளிக்காய்ச்சலை மறைக்க வேண்டியதாயிற்று.

மொட்டைமாடியில் வைத்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "நான் ஜெபிக்கத்தான் சரி என்றேன்" என்றாள். பிறகு, "அக்கா, நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். உங்களுக்குப் புரிந்தது. என்னை ஆமென் சொல்லவிட்டீர்கள்" என்றாள். மைனி சொன்னதுபோல நானும் ஏதோ சொன்னேன், ஜெபத்தில் குறுக்கே பேசும் வழக்கம் இல்லை என்று. என் காதுக்கே அது மைனியின் குரலாகக் கேட்டது.

வேறு வீடு தேடினேன். கேட்ட இடமெல்லாம் கதை எனக்கு முன்பே போயிருந்தது. "நாங்க இப்ப வாடகைக்கு விடேல்ல" என்றார்கள். அவள் விடுதிக்கே திரும்பினாள். மாலையில் போன் வார்டனிடம். அவள் மகன் அங்கே தூங்கி எழுந்து விளையாடும் நேரம் அது. மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் பின்னால் நின்று அவள் பேசுவதைச் சில நாள் தூரத்திலிருந்து பார்த்தேன். பாட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்தேன், படிக்க இருக்கிறது என்றாள்.

போன மாதம் தக்கலையில் பேருந்து ஏறி, மகனை மடியில் வைத்து உட்கார்ந்த பிறகுதான் முன் இருக்கையில் அவள் இருப்பதைக் கவனித்தேன். பக்கத்தில் மீன் விற்றுவிட்டு வெறும் சருவப் பானையோடு திரும்பும் ஓர் அம்மா.

"எந்தூரு மக்கா? வீட்டுல ஆரெல்லாம் உண்டு?"

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்கள் ஊர்ப் பேச்சின் இழுவை அப்படியே இருந்தது. "அம்மையும் ஒரு தம்பியும் உண்டு. தம்பிக்கு ரெண்டு வயசாக்கும்."

"அம்மைக்கு இந்த வயசுலயா!" என்று அந்த அம்மா அவள் தோளில் தட்டிச் சிரித்தாள். அவளும் கூடச் சிரித்தாள்.

என் மகன் அவளை அடையாளம் கண்டு கையை நீட்டினான். அவள் திரும்பினாள். அவன் விரலைப் பிடித்து ஒருமுறை ஆட்டிவிட்டு விட்டாள். நான் மெதுவாக, ஆங்கிலத்தில், ஊரில் அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"தம்பி சுகமா இருக்கான் டீச்சர்" என்றாள் தமிழில்.

மீன்கார அம்மா இப்போது என் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்கு இந்தப் பிள்ள ஒண்ணுதானா? அடுத்தது பாக்கேல்லியா?" எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். நான் மகனின் சட்டைப் பித்தானைப் போடுவதுபோலக் குனிந்துகொண்டேன். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.