‘இல்லே’ என்றால் இங்கேதான்

அத்தா, என் அப்பா, இறந்து பதினெட்டு நாள் ஆகிறது. பெயர் லால் பாஷா. ஓசூரில் இருபத்தாறு வருடம் வாடகைக் கார் ஓட்டினார். கார் சொந்தமில்லை, கிருஷ்ணப்பன் என்பவருடைய கறுப்பு அம்பாசிடர். தொழிற்சாலைக்கு இடம் தேடி வருபவர்களை ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி என்று சுற்றிக் காட்டுவதுதான் பெரும்பாலும் வேலை. பின் சீட்டில் என்ன பேசினாலும் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த ஒழுங்கு. ஒரே ஒரு முறை மீறினார்.

அது 1984. நான் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்து எட்டு மாதமாக வீட்டில் இருந்தேன். இயந்திர வரைபடம் போடப் பெண்ணை எடுக்கும் பட்டறை எங்கள் பக்கம் இல்லை. வெளியூர் அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. அடுத்த நோன்புக்குள் வேலை கிடைக்காவிட்டால் நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது. அத்தா மட்டும், "பக்கத்துல ஒரு கம்பெனி வரட்டும், பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது கோவையிலிருந்து நல்லுசாமி என்ற எஞ்சினியர் வந்தார். பம்புக்கு உதிரிபாகம் வார்க்கும் பட்டறை போட இடம் வேண்டும், தண்ணீர் முக்கியம். மூன்று நாள் கார் பேசினார். இரண்டு நாளில் பார்த்த இடமெல்லாம் வறண்டிருந்தது. மூன்றாம் நாள் தளி ரோட்டில், தலையில் புல்லுக்கட்டோடு ஓர் அம்மாள் வந்தார். நல்லுசாமி கண்ணாடியை இறக்கினார்.

"ஏனுங்கம்மா, இங்க பக்கத்துல கெணறு இருக்குங்களா?"

இரண்டு கையும் கட்டைப் பிடித்திருந்ததால் அந்த அம்மாள் கை காட்டவில்லை. "இல்லே, இல்லே" என்றார்.

நல்லுசாமி நோட்டில் அந்த ஊரை அடித்தார். "போதும் பாய். பஸ் ஸ்டாண்டுக்கு விடுங்க. இந்தச் சீமையே வேண்டாம்."

அத்தா கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு நிறுத்தினார்.

"சார், அந்தம்மா கன்னடம். அவங்க பேச்சுல இல்லேன்னா இங்கயேதான்னு அர்த்தம்."

"பாய், உங்களைக் கேட்டனா?"

"கேக்கல சார்" என்று சொல்லிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தார். சவாரிக்காரர் கோபித்துக்கொண்டால் கிருஷ்ணப்பன் சாவியைத் திருப்பி வாங்கிவிடுவார். அது தெரிந்துதான் எடுத்தார்.

அத்தா கன்னடத்தில் கேட்டதும் அந்த அம்மாள் கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "இல்லே அந்தெ அல்வா!"

"தண்ணி கேட்டா அல்வாங்கறாங்க?" என்றார் நல்லுசாமி.

"இங்கன்னுதானே சொன்னேன்னு கேக்குறாங்க சார்."

அந்த அம்மாள் பெயர் சரோஜம்மாள். அவர் புல் அறுத்த வரப்புக்குப் பின்னால் கிணறு. ஜூலை மாதத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்.

அதை அடுத்து இருந்த நிலத்தில்தான் பட்டறை வந்தது. அடுத்த மார்ச்சில் ஆள் எடுத்தார்கள். கேட்டில் போர்டு பார்த்துவந்து சொன்னவர் அத்தாதான். பஸ்ஸில் கூட்டிப்போனார், கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார்.

"உள்ள வாங்களேன் அத்தா."

"நான் எதுக்கு அதியா? கோடு போடப்போறது நீயா, நானா?"

ஒரு வரைபடத்தைக் கொடுத்து நகல் எடுக்கச் சொன்னார்கள். அதில் ஓர் அளவு தப்பு. காட்டினேன். அன்றே எடுத்துக்கொண்டார்கள். நிக்காஹ் நான்கு வருடம் கழித்து, எனக்குச் சம்மதமானபோது நடந்தது.

இதில் சவாரிக் கதை எதுவும் அதுவரை எனக்குத் தெரியாது. அத்தா சொன்னதில்லை. என் நிக்காஹுக்கு வர முடியாமல்போன முதலாளி நல்லுசாமி சார், அத்தாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வந்தவர், கட்டிலருகே அப்படியே நின்றுவிட்டார்.

"இது நம்ம பாயாச்சே! உங்கப்பாவா, அதியா?"

மூன்று நாளும் 'பாய்' என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிறார், பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னார். அல்வா வந்த இடத்தில் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எம் பொண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பரிட்சையே வெச்சிருக்க மாட்டனே அம்மிணி."

"அதனாலதான் சார் சொல்லல" என்றேன்.